ஸ்க்ரோல் சா வாங்கலாமா, கை ரம்பமே போதுமா, இல்ல லேசர் கடைக்கே போயிடலாமா?

"அத்தை, ஒரு ஸ்க்ரோல் சா வாங்கப்போறேன், எது நல்ல மெஷின்னு மட்டும் சொல்லுங்க"ன்னு மாட்டுப்பொங்கல் அன்னிக்கு வந்து நின்னான் தம்பி மவன். ஸ்க்ரோல் சா-ன்னா மேஜை மேல வெச்சு ஓட்டுற கரண்டு ரம்பம், மெல்லிசு பிளேடு தையல் ஊசி மாதிரி மேலயும் கீழயும் ஆடி பலகைய வளைச்சு வளைச்சு வெட்டும். பாலிடெக்னிக் முடிச்சவன், மன்னார்குடியில ஒரு கடையில வேலை, சம்பளத்துல மிச்சம் பிடிச்ச 15,000 ரூபா கையில இருக்கு, செலவு பண்ணலேன்னா கை அரிக்குது. போன்ல நாலு மெஷின் படம் காட்டுறான், நாலும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி ஒரே சாடை, பெயிண்ட் கலர் மட்டும் வேற.

நான் பாபநாசம் பக்கம் 14 வருஷமா தையல் மெஷின்ல உக்காந்தவ. மர வேலை பழகினது இந்த அஞ்சு வருஷமா தான், அதுவும் பக்கத்து வீட்டு ஆசாரி மாமா புண்ணியத்துல. அதனால பெரிய வித்வான் மாதிரி பேச மாட்டேன், ஆனா காச எங்க விட்டேன்ங்கறது நல்லா ஞாபகம் இருக்கு, அத சொல்ல எனக்கு தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன்.

அவன்கிட்ட மொதல்ல மெஷின் பத்தி பேசவே இல்ல. என்னடா வெட்டப்போறன்னு தான் கேட்டேன். பூஜை ரூம் கதவுக்கு சிக்கு கோலம் டிசைன்ல ஒரு பலகை, அக்கா குழந்தைக்கு யானை குதிரைன்னு கோத்து வெளையாடுற புதிர் பொம்மை, அப்புறம் பேர் பலகை போட்டு விக்கலாமான்னு ஒரு எண்ணம். சரி, இதுலயே பாதி பதில் வந்துருச்சு. ஏன்னா சிக்கு கோலம்னா அது முழுக்க உள்வெட்டு. வெளிக்கோட்ட மட்டும் வெட்டுற வேலைக்கு எந்த ரம்பம் வேணா போதும், ஆனா பலகைக்கு நடுவுல ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள்ள பிளேட விட்டு, ஒரு சின்ன கண்ண வெட்டி எடுத்துட்டு, மறுபடி பிளேட கழட்டி அடுத்த ஓட்டைக்குள்ள விடணும்னா, அங்க தான் ஒரு மெஷினுக்கும் இன்னொரு மெஷினுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

நான் மொதல்ல வாங்கின மெஷின் கதை இது. பேர் வேண்டாம், ஆன்லைன்ல மலிவா வந்துது, 16 இன்ச்னு போட்டிருந்தான், கண்ண மூடிக்கிட்டு ஆர்டர் போட்டேன். வந்து பாத்தா அது பின் வெச்ச பிளேடு மட்டும் தான் எடுக்கும். பின் பிளேடுன்னா ரெண்டு நுனியிலயும் குறுக்கால ஒரு குட்டி கம்பி இருக்கும், அது மெஷின் கொக்கியில மாட்டிக்கும், மாட்டுறது சுலபம் தான், குழந்தை கூட மாட்டும். ஆனா அந்த குறுக்கு கம்பி நுழையணும்னா பலகையில கிட்டத்தட்ட அஞ்சு மில்லிமீட்டர் ஓட்டை போடணும். நான் வரைஞ்சிருந்த கோலத்துல சின்ன கண்ணு ஒவ்வொண்ணும் அரிசி மணி அகலம். ஓட்டை போட்டதுமே கோலம் போயிருச்சு, ஓட்டை தான் மிச்சம். அன்னிக்கு சாயந்தரம் அந்த பலகைய கையில வெச்சிக்கிட்டு நான் உக்காந்திருந்த இருப்ப பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாம டீ போட்டு குடுத்துட்டு போனாரு, அதுல இருந்தே நிலைமை புரியும்.

பின் இல்லாத மொட்டை பிளேடுக்கு இந்த தொல்லை கிடையாது. மூணாம் நம்பர் பிளேடு (நம்பர் கொறைய கொறைய பிளேடு மெல்லிசு) ஒரு மில்லிமீட்டர் கூட அகலம் வராது, ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் ட்ரில் பிட்டுல ஒரு புள்ளி வெச்சா போதும், நூல் கோக்குற மாதிரி உள்ள போயிடும். அதனால எது வாங்கினாலும் மொட்டை பிளேடு எடுக்குற மெஷினா பாத்து வாங்குங்க. சில மெஷின்ல ரெண்டும் போடலாம்னு ஒரு அடாப்டர் குடுப்பான், ஆலன் கீ, அதான் எல் மாதிரி வளைஞ்ச ஆறு பட்டை சாவி, போட்டு திருகி திருகி மாட்டணும், அது ஒண்ணுமில்லாததுக்கு தேவல, ஆனா ஒரு கணக்கு பாருங்க. 60 கண்ணு இருக்குற கோலத்துக்கு 60 தடவ பிளேட கழட்டி மாட்டணும். ஆலன் கீல ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிஷம்னு வெச்சாலும் ஒன்றரை மணி நேரம் திருகுறதுக்கே போச்சு. கையால திருகுற குமிழ் இருந்தா 20 செகண்ட், மொத்தமே 20 நிமிஷம். விளம்பரத்துல இத பெரிய எழுத்துல போட மாட்டான், நாம தான் படத்த பெருசாக்கி மேல் பிடி எப்படி இருக்குன்னு பாக்கணும்.

சரி, இப்ப கைல பிடிக்கிற ரம்பத்துக்கு வரேன். இத யாரும் ஒரு பொருட்டாவே எடுத்துக்கறதில்ல.

ஃப்ரெட் சா-ன்னு சொல்ற கை ரம்பம், பள்ளிக்கூடத்து கைத்தொழில் வகுப்புல சில பேர் பாத்திருப்பீங்க, யு மாதிரி நீளமான கம்பி வளைவு, ஒரு கைப்பிடி, ரெண்டு நுனியிலயும் காத்தாடி திருகு. சில நூறு ரூபா சமாச்சாரம். இதுல பெரிய விஷயம் என்னன்னா இதுக்கு போடுற அதே அஞ்சு இன்ச் மொட்டை பிளேடு தான் ஸ்க்ரோல் சா மெஷினுக்கும். அதாவது இன்னிக்கு கை ரம்பத்துக்கு வாங்குற ஒரு டஜன் பிளேடு நாளைக்கு மெஷின் வாங்கினாலும் வீணாகாது. கும்பகோணத்துல பத்தர்மாருக்கு சாமான் விக்கிற கடைகள்ல நகை வேலைக்கு ரம்பமும் பிளேடும் கெடைக்கும், பிளேடு நீளம் அதுவும் அதே அளவு தான், ஆனா அது ரொம்ப பொடி பல்லு, உலோகத்துக்கு. மரத்துல போட்டா தூள் அடைச்சிக்கிட்டு சூடாகி பட்டுன்னு போயிடும். ரெண்டு மில்லிமீட்டர் பிளைல ஏதோ பொடி வேலைக்கு வேணா ஓட்டலாம். அந்த ரம்பத்தோட வளைவும் ஆழம் பத்தாது, மூணு நாலு இன்ச் உள்ள போனதும் பலகை ஓரம் வந்து கம்பில இடிக்கும். மரத்துக்குன்னு இருக்குற ஃப்ரெட் சா பத்து இன்ச்சுக்கு மேல உள்ள போகும்.

கை ரம்பத்துக்கு ஒரு பலகை வேணும், நுனியில ஆங்கில வி மாதிரி வெட்டு விட்டு, மேஜை ஓரத்துல சி கிளாம்ப்ங்கற இறுக்குப் பிடி போட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற மாதிரி. அந்த வி-க்கு நடுவுல தான் பிளேடு மேலயும் கீழயும் போகும். பிளேடு பல்லு கீழ பாத்து இருக்கணும், கைப்பிடிய கீழ இழுக்கும்போது வெட்டணும். நான் தெரியாம பல்ல மேல பாத்து மாட்டிட்டு ஒரு மணி நேரம் பலகைய பறக்க விட்டுக்கிட்டு இருந்தேன். ஆசாரி மாமா திண்ணையில இருந்து பாத்துட்டு, "ஏம்மா, ரம்பம் பலகைய அறுக்குதா, பலகை ரம்பத்த தூக்குதா?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் மறக்கல.

மெதுவா தான் போகும், அத ஒத்துக்கறேன். ஆறு மில்லிமீட்டர் பலகையில ஒரு யானை வெளிக்கோடு வெட்ட எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, மெஷின்ல அதே யானை செத்த நேரத்துல முடிஞ்சிடும். தோள்பட்டை ரெண்டு நாள் பேசும். ஆனா கோட்ட பாத்து போறது, மூலையில நின்னு பிளேட அதே எடத்துல ஆட்டிக்கிட்டே பலகைய திருப்புறது, நார் போற திசை மாறும்போது கையில தெரியுற அந்த சின்ன இழுப்பு, இதெல்லாம் கை ரம்பத்துல தான் ஒழுங்கா பழகும். கரண்டும் வேண்டாம். சத்தமும் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு புள்ளைங்க தூங்கினப்புறம் கூட அறுக்கலாம்.

ஜிக்சா பத்தி எல்லாரும் கேக்குறாங்க, அதான் அதையும் சொல்லிடறேன். ஜிக்சான்னா கையில பிடிச்சு பலகை மேல ஓட்டுற கரண்டு ரம்பம். நல்ல மெஷின், மூணு நாலாயிரம் ரூபாய்ல இருந்து நல்ல கம்பெனி மெஷினே கெடைக்குது, கதவுல வளைவு வெட்டணும், சமையல்கட்டு பலகையில சிங்க்குக்கு ஓட்டை விடணும்னா அது தான் ராஜா. ஆனா நம்ம வேலைக்கு இல்ல. அதுல பிளேடு மேல மட்டும் தான் பிடிச்சிருக்கும், கீழ் நுனி சும்மா தொங்கும், தடிச்ச மரத்துல வளைச்சீங்கன்னா மேல கோடு சரியா இருக்கும், கீழ திருப்பி பாத்தா பிளேடு சாஞ்சு வேற ஊருக்கு போயிருக்கும். இன்னொண்ணு, சாதாரண ஜிக்சா பிளேடு மேல வரும்போது தான் வெட்டும், அதனால பிளைவுட்டோட மேல் பக்கம் சிலும்பிக்கும், நாம கோடு வரைஞ்சிருக்கறதே மேல் பக்கம் தான். ஸ்க்ரோல் சா நேர் எதிர், கீழ இறங்கும்போது வெட்டும், சிலும்பல் அடிப்பக்கம் போயிடும். அதுக்கும் ரிவர்ஸ் டூத்னு ஒரு பிளேடு இருக்கு, கீழ் நுனியில கொஞ்சம் பல்லு மட்டும் மேல பாத்து இருக்கும், அது அடிப்பக்கத்தயும் சுத்தமா விடும், உப்புத்தாள் தேய்க்கிற வேலை பாதி மிச்சம். ஜிக்சாவ தலைகீழா மேஜைக்கு அடியில மாட்டி ஸ்க்ரோல் சா மாதிரி ஓட்டலாம்னு வீடியோ எல்லாம் வருது, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, மேல எந்த பிடிப்பும் இல்லாத பிளேடு கைக்கு நேரா குதிக்கறத பாத்தாலே வயித்த கலக்குது.

லேசர் கடை. தஞ்சாவூர், திருச்சி பக்கம் போனா கம்ப்யூட்டர்ல டிசைன் குடுத்தா எம்.டி.எஃப்-லயும் (மரத்தூள பசை போட்டு அழுத்தி செஞ்ச பலகை) பிளைலயும் வெட்டி குடுக்குற கடை இருக்கு. உண்மைய சொல்லணும்ல, 50 பேருக்கு ஒரே மாதிரி பேர் பலகை, கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட், இந்த மாதிரி வேலைன்னா மெஷின் வாங்காதீங்க, நேரா அங்க போயிடுங்க. மூணு மில்லிமீட்டர் பலகைய அது வெட்டுற சுத்தத்துக்கு நம்ம கை வராது. ஆனா ஓரம் கருகி இருக்கும், புகை வாசன நாலு நாள் போகாது, தடிச்ச பலா, தேக்குன்னு கொண்டு போனா அவங்களே வேண்டாம்னுடுவாங்க. அப்புறம் முக்கியமா, வெட்டுனது நாம இல்ல. தம்பி மவன் மூஞ்சிய பாத்தாலே தெரிஞ்சுது, அவனுக்கு பொருள் வேண்டாம், வெட்டுற சொகம் வேணும். அதுக்கு கடைக்காரன்கிட்ட காசு குடுத்து என்ன பிரயோசனம்.

அப்ப மெஷின் வாங்குறதுன்னே முடிவு பண்ணா என்னென்ன பாக்கணும்?

மொட்டை பிளேடு, கையால திருகுற பிடி, ரெண்டும் சொல்லிட்டேன். அடுத்தது வேகத்த கூட்டி கொறைக்கிற குமிழ். நிமிஷத்துக்கு 400ல இருந்து 1600 தடவ வரைக்கும் மாத்துற மாதிரி தான் சாதாரணமா வரும். ஒரே வேகத்துல ஓடுற மெஷின தொடாதீங்க. இத தையல்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம், காலர் முனை வரும்போது மிதிக்கிறத கொறைச்சு ஒவ்வொரு தையலா போவோம்ல, அதே கதை தான். பெடல் சுவிட்ச் தனியா வாங்கி மாட்டிக்கிட்டா ரெண்டு கையும் பலகை மேலயே இருக்கும், எனக்கு அது வந்தப்புறம் தான் மெஷின் என் மெஷினாச்சு. வெளிய இருந்து பாக்க ரெண்டும் ஒரே வேலை மாதிரியே இருக்கு, ஊசிக்கு பதிலா ரம்பம், துணிக்கு பதிலா பலகை. புதுசா தையல் கத்துக்கறவங்க துணிய பின்னாடி பிடிச்சு இழுப்பாங்க, ஊசி வளையும். இங்கயும் பலகைய புடிச்சு தள்ளுவாங்க, பிளேடு வில்லு மாதிரி பின்னாடி வளையும், வெட்டு சாயும், அப்புறம் டப்புன்னு அறுந்துடும். பிளேடு எவ்வளவு தின்னுதோ அவ்வளவு தான் ஊட்டணும்.

16 இன்ச்னு போட்டிருக்கறது பிளேடுல இருந்து பின்னாடி தூண் வரைக்கும் உள்ள இடைவெளி. அப்படின்னா 32 இன்ச் பலகையோட நடு வரைக்கும் எட்டும். ஆரம்பத்துக்கு தாராளம். 20 இன்ச், 22 இன்ச்னு போனா வெல நாப்பதாயிரத்துக்கு மேல பறக்குது, அந்த பெரிய மெஷின்கள்ல அதிர்வு கம்மிங்கறது நெஜம் தான், ஆனா மொத மெஷினா அது வேண்டாம்.

அதிர்வுக்கு நம்ம வைத்தியம் இருக்கு. இரும்பு அச்சு மெஷினா, கனமா பாத்து வாங்குங்க, கனமில்லாத மெஷின் மேஜையில நடக்க ஆரம்பிச்சிடும். அடியில பழைய சைக்கிள் டியூப மடிச்சு வெச்சு நாலு போல்ட்டு போட்டு தடிச்ச பலகையில முறுக்குங்க. நான் மாட்டுக்கொட்டாய்ல கெடந்த பழைய தேக்கு நிலைக்கட்டைய ரெண்டா அறுத்து மேஜை கால் ஆக்கினேன், இப்ப அஞ்சு ரூபா காசு நிக்க வெச்சா விழாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா டீ கிளாஸ் வெச்சா சிந்தாது.

சிங்கப்பூர்ல மச்சான் இருக்காரு, அமெரிக்காவுல சித்தி பொண்ணு இருக்கா, அங்க இருந்து வரவழைக்கலாமான்னு நம்ம ஊர்ல கட்டாயம் ஒருத்தராவது கேப்பாங்க. சிங்கப்பூர் கரண்டு நம்மள மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்க மட்டும் மாத்துனா ஓடும். அமெரிக்கா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நேரா சொருகினா புகை தான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும், அது ஒரு செலவு, அதோட எடை வேற. மெஷின் எடையே பத்து கிலோவுக்கு மேல வரும், பெட்டியில அத வெச்சா மச்சான் புடவையும் சாக்லேட்டும் எங்க வெப்பாரு, வீட்ல சண்டை வரும். எதுக்கும் இங்கயே வாங்கிக்குங்க, பார்ட்ஸ் கெட்டா கேக்கவாவது ஒரு ஆள் வேணும்.

கரண்டு பேச்சு வந்ததால இன்னொண்ணு. எங்க பக்கம் பம்புசெட்டு எல்லாம் ஓடுற நேரத்துல வோல்டேஜ் படுத்துக்கும், டியூப் லைட்டு கண்ண சிமிட்டும். ஸ்க்ரோல் சா மோட்டார் சின்னது, பெரும்பாலும் 90ல இருந்து 120 வாட்ஸ் தான், ரெண்டு மின்விசிறி அளவு, வீட்டு இன்வர்ட்டர்லயே ஓடும். ஆனா பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்ல மோட்டார் உறுமும், சூடாகும், சைன் வேவ்னா பிரச்சினை இல்ல. ஜிக்சா 500 வாட்ஸ் பக்கம் கேக்கும், இன்வர்ட்டர் அழுதுடும்.

பிளேடு பூட்டுறத பத்தி சொல்லாம விட்டா ஆசாரி மாமா என்ன திட்டுவாரு. புதுசா ஆரம்பிக்கிறவங்க செய்யுற பெரிய தப்பு பிளேட தொளதொளன்னு விடுறது. இறுக்கிட்டு விரலால ஒரு சுண்டு சுண்டணும், டொக்குன்னு சத்தம் வந்தா பத்தாது, டிங்குன்னு கணீர்னு மேல் ஸ்தாயியில பேசணும். தஞ்சாவூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது கைவந்த கலையா இருக்கணுமே, வீணை தந்திய முடுக்குற மாதிரி தான். மூலமட்டம் வெச்சு பிளேடும் மேஜையும் செங்குத்தா நிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, புதிர் பொம்மை வெட்டும்போது அரை டிகிரி சாஞ்சாலும் ஒரு பக்கமா தான் கழட்ட வரும், குழந்தை மறுபக்கம் இழுத்து அழும்.

இன்னொரு விஷயம், பிளேடு நேரா போகவே போகாது. பயந்துடாதீங்க, மெஷின்ல கோளாறு இல்ல, பிளேடு செய்யும்போது ஒரு பக்கத்துல மெல்லிசா பிசிறு நின்னுடும், அந்த பக்கம் கொஞ்சம் அதிகமா கடிக்கும். அதனால பலகைய ஒரு நாலஞ்சு டிகிரி சாச்சு பிடிச்சு ஊட்டணும், ரெண்டு நாள்ல கை தானா பழகிடும். முக்கா இன்ச் பலகைக்கு அஞ்சாம் நம்பர், கால் இன்ச்சுக்கு ரெண்டு இல்ல மூணு, ஆரம்பத்துக்கு இந்த ரெண்டு அளவு போதும். ஓல்சன், பீகாஸ், நிக்வான்னு நல்ல பிளேடு ஆன்லைன்ல வருது, மெஷினோட வர இனாம் பிளேட எடுத்து ஓரமா போட்டுடுங்க. கெட்டி மரத்துல ஒரு பிளேடு 20 நிமிஷம், அரை மணி நேரம் தான் ஒழைக்கும், அறுந்து போற வரைக்கும் ஓட்டுறது சிக்கனம் இல்ல. தள்ள வேண்டி வந்தா மாத்திடணும். பலகை கருகுதுன்னா வரைபடத்து மேல அகல செல்லோடேப் ஒட்டுங்க, கருகுறது நல்லா கொறையும், டேப்புல இருக்குற வழவழப்பு பிளேடுக்கு எண்ணெய் மாதிரி.

மரம் எத எடுக்கறது? மொதல்ல ஆறு மில்லிமீட்டர் பிளை எடுங்க, ஆனா மலிவு கமர்ஷியல் பிளைக்குள்ள நடு அடுக்குல காலியா சந்து இருக்கும், கோலத்து கழுத்து சரியா அந்த சந்து மேல வந்தா முறுக்கு மாதிரி ஒடிஞ்சு கைல வரும். எம்.டி.எஃப் பழக நல்லது, நாரே கிடையாது, எந்த பக்கம் வேணா திருப்பலாம், ஆனா அந்த தூசு நெஞ்சுக்கு ஆகாது, ஐப்பசி மழையில வேற ஊறி ஊதிக்கும். நாட்டு மரத்துல பலா தான் என் செல்லம். கஜா புயல் வந்துச்சே 2018 நவம்பர்ல, அப்ப வேதாரண்யம் பக்கம் எங்க சித்தப்பா வீட்டு கொல்லையில விழுந்த பலா மரத்த அறுத்து ரெண்டு வருஷம் நிழல்ல அடுக்கி காய வெச்சிருந்தாங்க, அதுல ஒரு பலகை எனக்கு வந்துது. மஞ்ச மஞ்சன்னு தூள் கொட்டும், புடவை முந்தானை எல்லாம் மஞ்சள் அரைச்ச மாதிரி ஆயிடும், வெண்ணெய் மாதிரி வெட்டும், நாளாக நாளாக தேன் கலர்ல இருந்து பழுப்பா மாறும். தஞ்சாவூர் வீணைக்கும் பலா தானே, வீணை செய்யுற எடத்துல கேட்டா மிச்ச துண்டு சில சமயம் கெடைக்கும். பூவரசும் நல்லா இருக்கும். தேக்கு அழகு தான் ஆனா அதுக்குள்ள மணல் சத்து இருக்கு, பிளேடு சீக்கிரம் மொக்கையாகும். வேம்பு அறுத்தா தும்மல் நிக்காது. தென்னைய பத்தி கேக்கவே கேக்காதீங்க.

மழைக்காலத்துல மெஷின் மேஜை துருப்பிடிக்கும், நாகப்பட்டினம் பக்கம்னா கேக்கவே வேண்டாம், கடக்காத்து ஒரு வாரத்துல வேலைய காட்டிடும். எண்ணெய் தடவாதீங்க, பலகையில கறை ஏறும், மெழுகுவர்த்திய தேச்சு துணியால துடைச்சா போதும், பலகையும் வழுக்கிக்கிட்டு நகரும். பிளேடுங்கள பழைய பவுடர் டப்பாவுல, செருப்பு பெட்டியில வருதே அந்த ஈரம் உறிஞ்சுற பொட்டலம், அத ஒண்ணு கூட போட்டு வெச்சிருக்கேன்.

பயம் பத்தி ஒரு வார்த்தை. மர மெஷின்கள்லயே இது தான் ரொம்ப சாது, ஆனா சாதுவும் விரல கிழிக்கும். கண்ணாடி போடுங்க, என்95 மாஸ்க் போடுங்க, கையுறை போடாதீங்க, பொம்பளைங்க வளையல கழட்டி வெச்சிட்டு முந்தானைய சொருகிட்டு சடைய முடிஞ்சுக்கிட்டு உக்காருங்க.

இப்ப அவன் 15,000 ரூபா கணக்கு. நான் சொன்னது இது தான்: மொதல்ல 1,500க்குள்ள கை ரம்பம், வி பலகைக்கு ஒரு சி கிளாம்ப், மூணாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் டஜன் டஜனா பிளேடு, ஒரு சின்ன ட்ரில் பிட் செட்டு. பங்குனி சித்திரை வரைக்கும் வாரத்துக்கு ஒரு பொருள் வெட்டு. அப்பயும் கை அரிச்சுதுன்னா மிச்ச காசுல கொஞ்சம் சேத்து, மொட்டை பிளேடு, கை திருகு பிடி, வேகக் குமிழ், மூணும் இருக்குற 16 இன்ச் மெஷினா வாங்கு. இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் வாங்காத, இன்னும் ரெண்டு மாசம் காத்திரு. கை ரம்பத்துலயே சலிச்சு போச்சுன்னா 13,500 ரூபா உனக்கு மிச்சம், என்ன மாதிரி மாட்டுக்கொட்டாய்ல ஒரு மெஷின் சும்மா கெடக்காது. ஆமா, என் மொத மெஷின் இன்னும் அங்க தான் இருக்கு, கோழி அது மேல தான் ஏறி உக்காருது.

மூஞ்சி கொஞ்சம் தொங்கிப்போச்சு அவனுக்கு. மெஷின் படம் காட்டி வந்தவன்கிட்ட சில நூறு ரூபா கம்பிய காட்டினா அப்படித்தான் இருக்கும். ஆனா வாங்கினான்.

நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தான், மொத யானை. அதுவும் பிளை இல்ல, நான் குடுத்து விட்ட பலா துண்டுலயே வெட்டியிருக்கான். தும்பிக்கை அழகா வளைஞ்சிருக்கு, காது கூட தேறும், ஆனா வால் இல்ல. "வெட்டி முடிச்சு உப்புத்தாள் தேய்க்கும்போது ஒடிஞ்சிருச்சத்தை, ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா?"ன்னு கேட்டிருந்தான். படத்த பெருசாக்கி பாத்தேன். நார் மேல இருந்து கீழ போகுது, வால் குறுக்கால நீட்டிக்கிட்டு இருக்கு. குறுக்கு நார்ல அவ்வளவு மெல்லிசா வால் விட்டா யானைக்கு மட்டும் இல்ல, எலிக்கு கூட நிக்காது. ஒட்டாத, அடுத்த துண்டுல படத்த திருப்பி வெச்சு வால் நார் போற பக்கமே நீளுற மாதிரி ஒட்டிட்டு வெட்டுன்னு பதில் போட்டேன். "அப்ப காலு நாலும் குறுக்கால வருமே அத்தை"ன்னு உடனே திருப்பி கேட்டான். காலு தடி, தாங்கும்டா, வால பாருன்னேன்.

ஞாயித்துக்கிழமை மிச்ச பலகைய வாங்கிக்க வரானாம்.